கட்டுமரமும் கட்டிய கைகளும்

ஆங்கில மொழிக்குத் தமிழ் வழங்கிய சொற்களைப் பட்டியலிட்டுப் பெருமிதம் கொள்வது நம் மேடைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். கறி, சுருட்டு, மிளகுதண்ணீர் என்று விரியும் அப்பட்டியலில் தவறாமல் இடம்பெறுவது 'கட்டுமரம்'. ஆங்கிலேயர் அதனைக் 'கற்றமரன்' என்று ஒலித்துத் தம் அகராதியில் ஏற்றிக்கொண்டனர் என்று பேச்சாளர் சொன்னதும் அவையில் கைதட்டல் எழும். கைதட்டலோடு பேச்சும் முடிந்துவிடும். அச்சொல்லை ஆக்கியவர் யார், அது எந்தத் தொழிலிற் பிறந்தது, எவர் வழியாகக் கடல் கடந்தது, கடந்த பின்னர் என்ன ஆயிற்று என்னும் வினாக்கள் எழுவதில்லை. அவ்வினாக்களையே நாம் இங்கு எழுப்ப விரும்புகின்றோம். ஒரு சொல்லின் வரலாறு, அச்சொல்லைப் புழங்கிய மக்களின் வரலாறாகவும் இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

இன்று ஆங்கிலம் பேசும் உலகில் 'கற்றமரன்' அன்றாட வழக்குச் சொல். இரண்டு உடல்களை அருகருகே வைத்து மேலே தளமிட்டு இணைத்த விரைவுக் கப்பலுக்கும், உல்லாசப் படகுக்கும், பந்தயப் படகுக்கும் அது பெயர். அதனை வழங்கும் ஆங்கிலேயருக்கு அது பகுக்க முடியாத ஒரே சொல். தமிழ் அறிந்த சிறு பிள்ளைக்கோ, அதில் இரண்டு சொற்கள் உள்ளமை கேட்டவுடனே புலப்படும்: கட்டு, மரம். இரண்டையும் பிணைத்த முடிச்சு ஆங்கிலக் காதுக்கு எட்டவில்லை. அம்முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பதே நம் முதல் வேலை.

பள்ளி இலக்கணத்தில் வினைத்தொகை என்று ஒன்று உண்டு. காலங்காட்டும் உறுப்பு மறைந்து நிற்க, வினையின் பகுதி பெயரோடு நேரே சேர்ந்து ஒரு சொல்லாக வருவது அது. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்துக்கும் விரியும். கட்டுமரமும் அத்தகையதே: கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம். 'கட்டு' என்பதைப் பெயராகக் கொண்டு வேறொரு தொகையாக விரிப்பாரும் இருக்கலாம். ஆயினும், தொழிலின் இயல்பை நோக்குவார்க்கு வினைத்தொகையே பொருந்தும் என்பது விளங்கும்.

கட்டுமரம் ஒரு தடவை கட்டிவைத்தால் என்றைக்கும் அப்படியே கிடக்கும் பொருளன்று. பாரம் குறைந்த மென்மரங்களை, நடுமரம் தாழவும் ஓர மரங்கள் சற்றே உயரவும், முன்புறம் குவிந்து மேல்நோக்கி வளையவும் செதுக்கி, கயிற்றால் இறுகப் பிணைப்பர். மேலே ஏறிய அலை, மரங்களின் இடைவெளியால் கீழே வடிந்துவிடும். அள்ளி இறைக்க வேண்டியதில்லை. நீர் நிரம்பி மூழ்குதற்கு அதற்கு உட்குழிவே இல்லை. ஆனால், கடலில் நின்ற மரம் நீரை உறிஞ்சிக் கனக்கும். ஆதலால், கரைசேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலிற் பரப்பி உலரவிடுவது சோழமண்டலக் கரையின் வழக்கம். அடுத்த தடவை தொழிலுக்குப் போகும்போது மீண்டும் கட்டுவர். நேற்றுக் கட்டிய மரம், இன்று கட்டுகின்ற மரம், நாளை கட்டும் மரம் என, இலக்கண ஆசிரியர் ஏட்டிற் கண்ட முக்காலமும் கடற்றொழிலாளியின் அன்றாட வேலையிலே கண்முன் நிற்கின்றன.

இவ்வமைப்பை வறுமையின் அடையாளமாகக் கருதி, பலகைப் படகு கட்ட வகையற்றோரின் ஒட்டுவேலை என்று இகழ்வார் உளர். அது கடலை அறியாதார் கூற்று. சோழமண்டலக் கரையின் பெரும்பகுதி, அலை உடைந்து விழும் திறந்த மணற்கரை. குழிந்த படகை அவ்வலை நிரப்பிக் கவிழ்க்கும். கட்டுமரமோ அலையைத் தன்னூடே போகவிட்டுப் பிழைக்கும். நம் குடாநாட்டிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். குருநகர், பாசையூர், நாவாந்துறை ஆகிய ஊர்களின் முன்னே கிடப்பது அலை குறைந்த ஆழமற்ற பரவைக் கடல். அங்கே வள்ளமும் வத்தையும் தோணியும் ஓடின. வடமராட்சி கிழக்கிலோ, மணற்காடு, நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி, ஆழியவளை என்று முல்லைத்தீவுப் பக்கமாக நீளும் கரை வங்கக் கடலின் அலையை நேரே ஏற்பது. அப்பக்கத்திலேதான் கட்டுமரம் மிகுதியாக வழங்கியது. எந்தக் கடலுக்கு எந்தக் கலம் என்று தேர்ந்து தெளிந்த அறிவு அது. அவ்வறிவை எவரும் நூலாக எழுதவில்லை; தந்தை கையிலிருந்து மகன் கைக்கு வந்தது.

இலக்கணத்தில் நாம் கருதவேண்டிய மற்றொன்றும் உண்டு. ஊறுகாயில் ஊறுவது காயே. கட்டுமரத்திலோ கட்டுவது மரமன்று. மரம் கட்டப்படும் பொருள். கட்டுகிறவர் அச்சொல்லுக்குள் இல்லை. காலம் மறைந்ததை இலக்கணகாரர் எடுத்துச் சொன்னார்கள். ஆள் மறைந்ததைச் சொல்லவில்லை. மரத்தைச் செதுக்கியவன், கயிறு திரித்தவள், முடிச்சிட்டவன் ஆகிய மூவரும் இச்சொல்லில் மறைந்தே நிற்கின்றனர். இது சொல்லின் குற்றமன்று. குடிநீர் என்னும்போது குடிப்பவர் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆனால், சொல்லில் மறைந்தவர் வரலாற்றிலும் மறைக்கப்பட்டால் அது நம் குற்றமாகும்.

பழந்தமிழ் இலக்கியம் கடலை மறந்ததன்று. திமில், அம்பி, புணை, நாவாய், வங்கம் எனக் கலங்களுக்குச் சங்க நூல்கள் வழங்கும் பெயர்கள் பல. பிணைத்த மிதவையாகிய புணை கட்டுமரத்துக்கு நெருங்கிய உறவு. ஆற்றுவெள்ளத்தின் வழியே செல்லும் புணையை மனித வாழ்வுக்கு உவமையாக்கிக் கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்றுப் பாட்டை நம் மாணவர் பலரும் அறிவர். அதன் முதலடி உலகெங்கும் எடுத்தோதப்படுகின்றது. புணை கட்டியவனைப் பற்றியோ நாம் பேசுவதில்லை.

இனி, இச்சொல் கடல் கடந்த கதைக்கு வருவோம். 1886இல் யூல், பேர்னல் என்னும் இருவர் தொகுப்பில் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' என்னும் சொற்களஞ்சியம், ஐரோப்பியர் எழுத்துகளில் இச்சொல் வந்த இடங்களைத் திரட்டித் தருகின்றது. கஸ்பாரோ பல்பி என்னும் வெனிஸ் நகர வணிகர் 1583இல் இக்கலத்தைக் கண்டு, ஏழு மரங்களைப் பிணைத்துச் செய்யப்படுவது என்று விவரித்து, தம் நாவுக்கேற்பக் 'கத்தமெரோனி' என்று எழுதினார். கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக வந்த ஜோன் பிரையர் 1673இல் சோழமண்டலக் கரையோரம் சென்றபோது கட்டுமரங்கள் தம் கப்பலைத் தொடர்ந்து வந்ததைக் குறித்தார். உலகைச் சுற்றிவந்த கடலோடி வில்லியம் டம்பியர் 1697இல் வெளியிட்ட தமது பயண நூலில், தென்னமெரிக்கக் கரையிலே கண்ட மிதவைகளைப் பேசுமிடத்துச் சோழமண்டலக் கட்டுமரத்தை ஒப்புக்காட்டினார். ஓராள் மட்டுமே செல்லத்தக்க சிறு கட்டுமரமும் உண்டு என்றும், அதிற் செல்வோனின் கால்கள் எப்பொழுதும் நீரிலேயே இருக்கும் என்றும் எழுதினார். இச்சொல்லின் ஆங்கில வரலாறு தொடங்கும் இடத்தில், பெயரற்ற ஒரு தமிழ்த் தொழிலாளியின் நனைந்த கால்களேனும் எழுத்தில் இடம்பெற்றிருந்தன. பின்னர் வந்த நூல்களில் அவையும் இல்லாது போயின.

கம்பனியாருக்குக் கட்டுமரம் வெறும் வேடிக்கைப் பொருளன்று. அது இல்லாமல் அவர்கள் வணிகம் நடவாது. சென்னைக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை செயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. அப்படகுகளும் போகவியலாத கொந்தளிப்பில், கரைக்கும் கப்பலுக்கும் இடையே கடிதம் கொண்டு சென்றோர் கட்டுமரக்காரர். நீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்துத் தலையில் அணிந்து அலைக்குள் இறங்குவர். அலை தூக்கி எறிந்தாலும் நீந்திச் சென்று மரத்தைப் பிடித்து ஏறுவர். இலண்டன் வணிகரின் இலாப நட்டமும் ஆளுநரின் ஆணையும் அவர்கள் தலைமீதேறிச் சென்றன. கடிதம் எழுதினோர் பெயரும் பெற்றோர் பெயரும் ஆவணங்களில் உண்டு. கொண்டு சென்றோருக்கு அங்கே ஒரே பெயர்தான்: 'கற்றமரன்காரர்'.

ஆங்கிலத்திற் குடியேறிய சொல் அங்கே பட்ட பாடு விந்தையானது. நெப்போலியனுடைய படையெடுப்புக்கு அஞ்சியிருந்த பிரித்தானியா, அமெரிக்கரான றொபேட் புல்ரன் ஆக்கிய வெடிமிதவைகளை 1804 ஒக்டோபர் 2ஆம் நாள் பிரான்சின் பூலோன் துறையில் நின்ற படகுகள்மீது ஏவியது. அவ்வெடிகலங்களுக்கு அவர்கள் இட்ட பெயர் 'கற்றமரன்'. மீன் தேடிப் போன கலத்தின் பெயர் ஆள் கொல்லும் கருவிக்கு ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பேச்சிலும் கதைகளிலும் சண்டைக்காரக் கிழவியைத் திட்டும் வசைச்சொல்லாகவும் அதுவே வழங்கியது. ஒரு சொல் தன்னைப் பிறப்பித்த தொழிலிலிருந்து அறுபட்டால் எவர் கையிலும் எதுவாகவும் ஆகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இன்றைய பொருள் பின்னர் வந்தது. 1876இல் நியூயோர்க்கில் நடந்த பாய்க்கப்பற் பந்தயத்தில், நத்தானியேல் ஹெரஷொவ் என்னும் படகுக் கலைஞர் இரட்டை உடல் கொண்ட 'அமரிலிஸ்' என்னும் படகை ஓட்டி ஏனையவற்றை முந்தினார். இத்தகைய படகுக்குப் பந்தயத்தில் இடமில்லை என்று பின்னர் விலக்கிவைத்தனர். ஆயினும் புதுவகைப் படகின் புகழ் பரவியது. அதற்குக் 'கற்றமரன்' என்னும் பெயரும் நிலைத்தது. ஆனால், நம் கட்டுமரத்துக்கு இரட்டை உடல் கிடையாது. இரண்டு உடல்களை இணைத்த ஓடங்களில் பெருங்கடல் கடந்தோர் பசுபிக் தீவுகளின் மக்கள். அவர்களது கலையை ஒத்த படகுக்கு நம் கரைத் தொழிலாளர் சொல்லைச் சூட்டி, இரு மக்களின் அறிவையும் ஒரு பெயருக்குள் அடக்கி, ஈரிடத்தாரையும் மறந்தது மேற்கு நாடு.

இதனினும் சுவையானது, அச்சொல் ஆங்கிலத்தில் அவிழ்க்கப்பட்ட விதம். படகோட்டுவோர் அதனைச் சுருக்கிக் 'கற்' என்று மட்டும் அழைத்தனர். அவர்கள் மொழியில் அது பூனைக்குப் பெயர். மரம் போய்க் கட்டு மட்டும், அதுவும் பூனை வேடத்தில், எஞ்சியது. பின்னர், உக்ரேனிலிருந்து அமெரிக்கா சென்ற விக்டர் செச்செற் என்பார், மூன்று உடல் கொண்ட படகுக்கு 1940களில் 'திரைமரன்' என்று பெயர் வகுத்தார். அங்கே கட்டு போய் மரம் எஞ்சியது. இப்பொழுது ஆங்கிலத்தில் 'மரன்' என்பது படகின் உடலைக் குறிக்கும் பின்னொட்டுப் போலாகி, ஐந்து உடல் கொண்ட கலத்துக்கும் ஒட்டிக்கொண்டது. மரத்தைப் புலவர்கள் மரன் என்றும் வழங்கியதுண்டு. மகர ஈறு னகரமாகத் திரிவது நம் இலக்கணம் ஒப்பிய போலி. இலக்கணம் அறியாத அயலார் நாவில் அப்பழைய வடிவம் தற்செயலாகத் திரும்ப வந்திருக்கின்றது. மரங்களை அவிழ்த்துலர்த்தி மீளக் கட்டியது நம் கரை. சொல்லை அவிழ்த்து, வேறொன்றோடு கட்டியது அக்கரை.

சொல் போய்ப் பொருள் மாறியது ஒரு கதை. கலமே போய்ப் பெயர் மாறியது மற்றொரு கதை. அது நம் வல்வெட்டித்துறையில் நடந்தது. அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதனைச் செலுத்திச் சென்று, 1938இல் மாசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையில் நிறுத்தினார்கள். கட்டுமரத்தின் பெயரை எடுத்துக்கொண்டவர் கலத்தை விட்டனர். அன்னபூரணியை எடுத்துக்கொண்டவர் பெயரை விட்டனர். இரண்டிலும் விடுபட்டது, அவற்றை ஆக்கியோர்க்கு உரிய இடம்.

அயலாரை மட்டும் குறைகூறி அமைவது நேர்மையாகாது. நம் மேடைப் பட்டியலுக்குத் திரும்புவோம். அப்பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத தமிழ்ச் சொல் ஒன்று ஆங்கில அகராதியில் உண்டு. பறையர் என்னும் சமூகப் பெயரைத் திரித்து, எல்லாராலும் விலக்கப்பட்டவன் என்னும் பொருளில் ஆங்கிலம் அன்றாடம் வழங்குகின்றது. கட்டுமரத்தைத் தந்தோம் என்று மார்தட்டுகிறவர்கள் இதனையும் நாமே தந்தோம் என்று சொல்வதில்லை. முன்னதை அயலார் நம் தொழிலாளரிடமிருந்து கற்றனர். பின்னதற்கு இட்ட பொருளை நம் வீதிகளிலும் கோயில் வாசல்களிலும் நாம் நடந்துகொண்ட முறையைப் பார்த்துக் கற்றனர். பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் இலங்கையில் நிறைவேறியது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நுழைவுரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது என்பதை நாம் மறத்தற்கில்லை.

கட்டுமரம் பற்றிய பெருமிதத்திலும் இப்பொய்ம்மை உண்டு. கரையோர மக்களின் சொல்லைத் தமிழின் சொத்து என்று உரிமை பாராட்டிய உயர்குடியாளர், அம்மக்களைத் தமக்கு நிகராக மதித்தாரில்லை. நிலமும் கல்வியும் உத்தியோகமும் ஒரு பக்கம் குவிந்த சமுதாயத்தில், மீன் வாடை வீசும் பேச்சு எள்ளலுக்குரியதாயிற்று. சொல் வேண்டும், சொன்னவன் வேண்டாம் என்னும் இம்மனப்பான்மைக்கும், கடிதம் வேண்டும், கொண்டுவந்தவன் பெயர் வேண்டாம் என்ற கம்பனியாரின் மனப்பான்மைக்கும் என்ன வேறுபாடு?

இன்றைய நிலையை ஒப்புநோக்குவோம். 2013இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கிண்ணப் பாய்க்கப்பற் போட்டியில் 72 அடி நீளக் கற்றமரன்கள் ஓடின. செல்வந்தரின் விளையாட்டுக்கு உச்சமாக விளங்கும் கலத்துக்குச் சோழமண்டலக் கடற்றொழிலாளியின் சொல் பெயராக நிற்கின்றது. அச்சொல்லின் தாய்க்கரையிலோ, கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் வந்து கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. அதில் வருந்துதற்கில்லை, உழைப்பின் சுமையைக் குறைக்கும் கருவி எதுவாயினும் வரவேற்கத்தக்கதே. வருந்தத்தக்கது வேறு. நீண்ட போர்க்காலத்தில் கடலுக்குப் போகவே தடைகள் விழுந்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கையும் முல்லைத்தீவையும் தாக்கி, உயிர்களோடு தொழிற் கருவிகளையும் வாரிச் சென்றது. 2009இல் போர் முடிந்த பின்னர், எதிர்க்கரையின் பெரும் இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக் கடலடியை வழித்துச் செல்வது பெருந்துயராயிற்று. இழுவைமடித் தொழிலை 2017இல் இலங்கைச் சட்டம் தடைசெய்தது. சிக்கல் அதனாலே தீர்ந்துவிடவில்லை. கட்டுமரம் என்னும் ஒரே சொல்லைப் பேசிய இரு கரைகளின் ஏழைத் தொழிலாளர், பெருமுதலின் இயந்திரத்தால் ஒருவருக்கொருவர் பகைவராக நிறுத்தப்பட்டமை நம் காலத்தின் கொடுமை.

கலங்கள் மறையும்போது அவற்றோடு ஒட்டிய சொற்களும் மறைகின்றன. அணியம், பாடு, வாடி என்பனவும், சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்னும் காற்றின் பெயர்களும் கடலை நம்பி வாழ்ந்தோர் தொகுத்துவைத்த அறிவு. கட்டுமரத்தின் ஒவ்வொரு மரத்துக்கும், ஒவ்வொரு முடிச்சுக்கும், ஒவ்வொரு அலைக்கும் உரிய சொற்கள் முதியோர் சிலர் நாவோடு நின்றுவிடும் காலம் தொலைவில் இல்லை. சொற்களைத் தொகுத்து அச்சேற்றும் மரபு நம் மண்ணுக்குப் புதிதன்று. 1842இலேயே மானிப்பாயில் தமிழ் அகராதி அச்சேறியது. அம்மரபின் வழிவந்த நாம், ஏட்டிலிருந்து எடுத்த சொற்களோடு கரையிலிருந்து கேட்ட சொற்களையும் சேர்த்தாலன்றி, நம் அகராதி தமிழ் மக்கள் அனைவரது அகராதியாகாது. கரையோரப் பள்ளிகளில் தமிழ் கற்பிப்போர், தம் மாணவரைக் கொண்டே அவர் தம் பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியரிடமும் கேட்டெழுதச் செய்யலாம். சொல்லோடு சொன்னவர் பெயரையும், ஊரையும், தொழிலையும் எழுதச் செய்யலாம். அவ்வாறு எழுதும் பிள்ளை, தன் வீட்டுப் பேச்சு இழிந்ததன்று, அதுவும் இலக்கணத்துக்குப் பொருளாகும் தமிழே என்பதை அறியும். வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால், ஊறுகாயை விட்டுக் கட்டுமரத்தைச் சொல்லும் துணிவு அதற்கு வரும்.

ஒரு சொல் ஆங்கில அகராதியில் ஏறியமை பெரிதன்று. ஏற்றியவன் எவன் என்று அறிந்து அவனுக்கு உரிய மதிப்பைக் கொடுப்பதே பெரிது. கட்டிய மரத்தின் கதை இறந்தகாலத்தது, அதனை எழுதிவைக்கலாம். கட்டுகின்ற கைகள் இன்னும் நம் கரைகளில் உள்ளன, அவற்றை மதிக்கலாம். கட்டும் மரம் எதுவாயினும், அதன் பயன் கட்டுகிறவர்க்கே உரியதாகும் நாளுக்கு உழைக்கலாம். அச்சிறு சொல்லுக்குள் மறைந்து கிடக்கும் முக்காலமும் நம்மிடம் வேண்டுவது இதுவே.